மதகு திறந்திருக்கிறது என்று எழுதிய கை

அன்பு மகனுக்கு,

நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று துஆச் செய்துவிட்டுத்தான் எப்போதும் உனக்கு எழுத உட்காருவேன். இன்றைக்கும் செய்தேன். ஆனாலும் மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருக்கிறேன். நீ கடல் தாண்டி அங்கே தனியாக இருக்கிறாயே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு, அது பழகிவிட்டது. இப்போது வந்திருப்பது வேறு பயம். உன் பெண்டாட்டிக்கு நீ எழுதிய கடிதத்தை நான் படித்துவிட்டேன். கோபப்படாதே. சபியா அவளாகத்தான் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

நடந்ததை நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன். அவள் உனக்கு எழுதியதில் நம் கல்யாண வீட்டுப் பாட்டிலிருந்து இரண்டு வரி எழுதியிருக்கிறாள். அறையில் உன்னோடு தங்கியிருக்கிற யாரோ அதை எடுத்துச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து உனக்கு ‘மதகு மச்சான்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். உனக்கு வெட்கமாகிவிட்டது. ஆறு பேர் தங்குகிற அறையில் அது பெரிய வெட்கம்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் நீ அவளுக்கு எழுதினாய், இனிமேல் இந்தப் பாட்டெல்லாம் எழுதாதே என்று. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத மாட்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். ‘யார் படிப்பதற்காக இதை எழுதினாய்?’

அதே கேள்வியை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். நீ பிறப்பதற்கு முந்தி. என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, ஆனால் என்னைத்தான் கேட்டார். இதை நான் உன் வாப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அவர் மவுத்தாகி நாலு வருடம் ஆகிவிட்டது. இனி உனக்காவது சொல்லியாக வேண்டும்.

நம் பெண்கள் பாடுகிற பாட்டில் ஆசை என்ற சொல் வராது. நீ கவனித்திருக்க மாட்டாய், ஆண்களுக்கு அந்தப் பாட்டு சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்தானே. மருதாணி இடுகிற அன்றைக்கும், மாப்பிள்ளை வெளிநாட்டுக்குச் சபுர் போய்ப் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ கடையில் நிற்கிற வீடுகளில் பெண்கள் கூடிப் பலகாரம் சுடுகிற அன்றைக்கும் பாடுவார்கள். கட்டியவன் பேரைச் சொல்லக் கூடாது. அவனை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியாது. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பாட்டுக்குள் போட்டார்கள். நமக்கு ஒரு பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் காயல். வாய்க்கால் மதகு என்றால் பெண்ணின் மனசு. தண்ணீர் என்றால் போனவன் திரும்பி வருவது. வரப்பு என்றால் அடக்கம். முத்துப்பேட்டைக் காயலில் அலையாத்தி மரத்தின் வேர் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்குமே, அது காத்திருக்கிறவளின் மூச்சு. வைக்கோல் போருக்குள் பிடித்த நெருப்பு வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனியும். அது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை, நீ கல்யாணமானவன். சபியா உனக்கு எழுதிய வரியை முழுதாகச் சொல்கிறேன், கேள்:

மதகு தொறந்திருக்கு மச்சான் இன்னும் வரலீங்க
வரப்பு ஒடையுமுன்னே தண்ணி வந்து சேருமாங்க

இதில் என்ன தப்பு இருக்கிறது? ஒரு தப்பும் இல்லை. ஆனால் இந்த இரண்டு வரியால் ஒரு மனிதனுக்குக் காது போயிற்று.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் வாப்பா பினாங்குக்குப் போய் ஏழு மாதம். நம் வழக்கப்படி நான் என் வாப்பா வீட்டிலேயே இருந்தேன். என் உம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மவுத்தாகிவிட்டாள். வீட்டில் என் வாப்பா, நான், என் மூத்தவள். அவளை நான் ராத்தா என்று கூப்பிடுவேன், உனக்குப் பெரியம்மா. ராத்தாவுக்குக் குரல் நன்றாக இருக்கும். எந்தக் கல்யாண வீட்டிலும் அவள்தான் முதலடி எடுப்பாள். அவள் பாடுவதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நாங்கள் படித்தது பள்ளிவாசல் லெப்பையிடம். அவர் எங்களுக்குத் தமிழை அரபு எழுத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தார். அரபுத்தமிழ் என்போம். உனக்கு அந்த எழுத்து வராது. வாசிப்பது தமிழ்தான், பார்ப்பவனுக்கு அரபு போல இருக்கும். உன் வாப்பாவுக்கு அனுப்பத் துணிச்சல் இல்லாத வரிகளையெல்லாம் அந்த நோட்டில் எழுதினேன். ராத்தா பாடாத சில வரிகளை நானாகவும் கட்டினேன். அதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அது கெட்ட காலம். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. ஊருக்கு ஊர் கருப்பு சிவப்புக் கொடி பறந்தது, சேரிப் பக்கம் செங்கொடி பறந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுப்பார்கள். மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். இவர்கள் குறுக்கே போய்ப் படுப்பார்கள். அப்புறம் போலீஸ் வரும். கிழக்கே ஓர் ஊரில் நடந்த கொடுமையைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள், பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் நாம் மூன்றே தெரு. வாப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. மிராசுதார்கள், நீங்க எங்க பக்கந்தானே என்று கேட்டார்கள். சங்கத்துக்காரர்கள், நீங்களாவது கூட்டிக் குடுங்க என்று கேட்டார்கள். வாப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்வார். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் கதவைச் சாத்தும் சத்தம்தான் எனக்கு ஞாபகம்.

தை மாத அறுவடைக்கு முந்தி ஒரு நாள் ராத்தாவும் நானும் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தோம். வாப்பா உள்ளே வந்தார். என் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

“என்னம்மா எழுதிருக்கே?”

“பாட்டு வாப்பா.”

அவர் வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம் படித்திருப்பார். முகம் மாறவில்லை, ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. “இந்த நேரத்துல நம்ம வீட்டுச் சத்தம் தெருவுக்குப் போகக் கூடாது. எழுத்தும் போகக் கூடாது. இத அடுப்புல போட்டுரு,” என்றார்.

நான் போடவில்லை. எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் நெல் அவிக்க வருகிற அஞ்சலையிடம் கொடுத்து, கொஞ்ச நாளைக்கு உங்கள் வீட்டில் வைத்துக்கொள் என்றேன். அஞ்சலை என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நெல் அவிக்கும்போது எங்கள் பாட்டை அவளும் பாடுவாள், நடவுப் பாட்டை எங்களுக்குச் சொல்லித் தருவாள். அவள் புருஷன் மாரிமுத்து எங்கள் வயலுக்கும் அந்த வாய்க்காலில் இருந்த மற்ற வயல்களுக்கும் மதகு திறந்து மூடித் தண்ணீர் பாய்ச்சுகிறவர். சங்கத்திலும் இருந்தார். நோட்டை அவர் குடிசையில் கூரைச் செருகலில் வைத்தாள் அஞ்சலை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவள் பாடிக் காட்டியிருக்கிறாள். படிக்கத்தான் தெரியாது.

அறுவடை தொடங்குகிற வாரம், பெரிய மிராசுதார் ஒருவர் வெளியூர் ஆட்களை இறக்கினார். வெள்ளிக்கிழமை காலை, விளைந்து நின்ற அவருடைய வயலுக்குள் யாரோ மதகைத் திறந்து தண்ணீரை விட்டுவிட்டார்கள். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. மறுநாள் களத்தில் இருந்த அவருடைய பழைய வைக்கோல் போர் எரிந்தது. மதகு என்றதும் போலீஸ் நேராக மாரிமுத்துவிடம்தான் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை முழுக்க அவர் எங்கள் களத்தில் நின்று போரடித்துக்கொண்டிருந்தார். வாப்பா ஸ்டேஷனுக்குப் போய் அதைச் சொன்னார். “உங்க ஆளுக்கு நீங்களே சாட்சியா பாய்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். குடிசையைச் சோதித்தார்கள். கூரையிலிருந்து நோட்டு விழுந்தது.

யோசித்துப் பார். செங்கொடிச் சங்கத்துக்காரன் குடிசையில் அரபு எழுத்தில் எழுதிய நோட்டு. அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? லெப்பையைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து வரி வரியாக வாசிக்கச் சொன்னார், ஏட்டு ஒருவர் தமிழில் எழுதிக்கொண்டார். அன்று மத்தியானமே லெப்பையின் பெண்டாட்டி எங்கள் கொல்லைப்புறமாக ஓடிவந்து ராத்தாவிடம் சொன்னதுதான் இதெல்லாம். முதலில் மதகு திறந்திருக்கு. அடுத்தது வைக்கோல் போருக்குள் நெருப்பு. மூன்றாவது நான் கட்டியது:

வெளஞ்சு தல சாஞ்ச கதிரு வெளியாளு வேணாமுங்க
வளஞ்ச அருவாளோட நீங்களே வந்தறுங்க

வேறு ஆணின் கை என் மேல் படாது, நீங்கள் வாருங்கள் என்று என் புருஷனுக்கு நான் சொன்னது. அதை ஏட்டு எழுதி முடித்ததும் சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். மதகு, வைக்கோல் போர், வெளியாள், அரிவாள். ஊரில் நடந்த எல்லாம் அதில் இருந்தது.

“இது யாரு எழுத்து? யாரு படிக்கறதுக்காக எழுதினது?” என்று லெப்பையைக் கேட்டார்.

லெப்பை எனக்கு அலிஃப் எழுதப் பழக்கியவர். என் கையெழுத்து அவருக்கு என் முகம் மாதிரி. “தெரியலீங்க. பாட்டு மாதிரி இருக்கு,” என்றார்.

“சங்கத்துப் பாட்டா?”

“தெரியலீங்க.”

மாரிமுத்துவைக் கேட்டார்கள். “வாய்க்கா கரையில கெடந்துச்சுங்க, எடுத்தாந்தேன்,” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மகனே, நான் பயந்தது எதற்கு என்று உண்மையைச் சொல்கிறேன். அவரை அடிப்பார்களே என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. புருஷன் கடல் கடந்து போயிருக்கிறான், இவள் ஆசைப் பாட்டு எழுதி ஒரு கூலி ஆள் குடிசையில் கொடுத்து வைத்திருக்கிறாள் என்று ஊர் பேசுமே, அதுதான் தோன்றியது. உன் வாப்பாவுக்கு யாராவது எழுதிவிடுவார்கள், பினாங்கிலிருந்து தலாக் வரும் என்று தோன்றியது. நம் மூன்று தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் நடுவில் அரிவாள் எழும்பும் என்றும் தோன்றியது, அதுவும் வெறும் கற்பனை இல்லை. ஆக லெப்பைக்குத் தெரியும், அஞ்சலைக்குத் தெரியும், மாரிமுத்துவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அத்தனை பேரும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வாயை மூடியிருந்தோம். அடி மட்டும் ஒருவருக்கு விழுந்தது.

மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், தொழுதேன், அழுதேன், யாராவது தெருவில் நடந்தால் ஜன்னலிலிருந்து விலகிக்கொண்டேன். ஒவ்வொரு செருப்புச் சத்தமும் போலீஸாக இருந்தது. சோறு இறங்கவில்லை. ராத்தா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று கஷாயம் போட்டாள். அவளுக்கு நான் நோட்டை எரித்துவிட்டதாகத்தான் எண்ணம். போலீஸ் எடுத்த நோட்டு வேறு யாருடையதோ, பாட்டு ஊருக்கெல்லாம் பொதுதானே என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதை நான் திருத்தவில்லை.

நாலாம் நாள் காலையில் அஞ்சலை கொல்லைக் கதவைத் தட்டினாள். நெல் அவிக்கிற நாள் இல்லை அது. ஸ்டேஷனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

“சின்னம்மா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அதச் சொல்லத்தான் வந்தேன். அவரு சாகற வரைக்கும் சொல்ல மாட்டாரு.”

நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

“எடது காதுலேருந்து ரத்தம் வருது. கூப்ட்டா திரும்ப மாட்டேங்கறாரு,” என்றாள். அவள் அழவில்லை. தூக்குச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். “நோட்ட நான் பத்தரமா வச்சிருக்கணும். கூரையில வச்சது ஏந்தப்புதான்.”

அவள் தப்பு என்று அவள் சொன்னாள். அந்த வார்த்தைக்கு அப்புறம் என்னால் நிற்க முடியவில்லை. ராத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, “வாப்பாட்ட சொல்லணும். நான் சொல்றேன். நீ உள்ள இரு,” என்றாள். உள்ளே இருந்தேன். வாப்பாவின் குரல் எழும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். ஒரு சத்தமும் வரவில்லை. கையை எடுத்தபோது அவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொள்கிற ஓசை மட்டும் கேட்டது. லெப்பையையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

அங்கே நடந்ததை லெப்பை பிறகு தன் பெண்டாட்டியிடம் சொல்ல, அவள் எங்களிடம் சொன்னாள். என் வாப்பாவை உனக்குத் தெரியாது. மனைவியைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் ஒரு சொல் சொல்லாதவர். என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதுகூட யாராவது பார்த்தால் கையை எடுத்துக்கொள்வாராம். அவர் அந்த சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் நின்று, “இது எங்க வீட்டு நோட்டுங்க,” என்றார்.

“யாரு எழுதினது?”

“என் பொண்டாட்டி. மவுத்தாயி பதினாலு வருஷமாச்சு. பழைய துணியோட துணியா வேலைக்காரப் பொம்பளைக்குப் போயிருக்கு.”

“செத்துப் போன பொம்பள மதகத் தொறக்கச் சொல்லி எதுக்குய்யா எழுதணும்?”

வாப்பா தலையைக் குனிந்துகொண்டாராம். அப்புறம் சொன்னாராம், “எங்க பொம்பளைங்க பாட்டுல மதகுன்னா மதகு இல்லீங்க. மனசுங்க.”

ஏட்டு சிரித்திருக்கிறார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஏட்டு எழுதிய தாளை வாப்பா பக்கம் தள்ளி, “ஒவ்வொண்ணா சொல்லு,” என்றார். என் வாப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். தண்ணீர் என்றால் சபுர் போன புருஷன் வருவது. வைக்கோல் போருக்குள் நெருப்பு என்றால் அவன் இல்லாதபோது அவளுக்கு இருப்பது. வெளியாள் என்றால் வேறு ஆண். கதிர் என்று வந்தபோது அவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டார். லெப்பை பக்கத்திலிருந்து, “அது அவ வயசுங்க,” என்று முடித்தாராம். உள்ளே நான்கு போலீஸ்காரர்கள் நின்று கேட்டார்கள். ஒருவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னானாம். வாப்பா இன்னொரு தடவை சொன்னார். மகள் எழுதியதைத் தன் பெண்டாட்டி தன்னை நினைத்து எழுதியதாக, ஐம்பது வயதில், வெள்ளைத் தாடியோடு நின்று சொன்னார்.

என் உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சாயங்காலம் மாரிமுத்துவை விட்டார்கள். நோட்டைத் தரவில்லை, வாப்பாவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு அசர் தொழுதார். நான் கதவோரம் நின்றேன். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “பேர உங்கும்மா அடங்கியிருக்குற மையத்தாங்கொல்லையில வச்சிட்டு வந்துருக்கேன். அங்க போயி யாரும் கேக்க மாட்டாங்க. நீ இனி வாயத் தொறக்காத.” அதற்குப் பிறகு என் உம்மாவைப் பற்றி ஊரில் பேச்சு வந்தது. பாட்டுக்கட்டிப் பாத்துமுத்து என்றார்கள். மவுத்தானவளைப் பற்றி அப்படிப் பேசுகிறார்களே என்று எனக்கு நெஞ்சு வெந்தது, ஆனாலும் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் இருந்தது. உன் வாப்பா பினாங்கிலிருந்து வந்ததும் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார், “உங்க உம்மா பாட்டெல்லாம் எழுதுவாங்களாமே?” நான் ஆமாம் என்றேன். இருபது வருடத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்தேன். ஒரு தடவைகூட, அது நான் உங்களுக்கு எழுதியது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபித்திருப்பாரா, சந்தோஷப்பட்டிருப்பாரா என்று இப்போது கேட்க ஆளில்லை. அதற்குப் பிறகு அவர் மூன்று தடவை சபுர் போனார். நான் எழுதிய கடிதங்களில் அரிசி விலையும் உன் பள்ளிக்கூடமும் கூரை ஓடு மாற்றியதும்தான் இருந்தன. ‘நீ ஏன் கடுதாசியில் ஒன்றுமே எழுத மாட்டேன் என்கிறாய்’ என்று ஒரு தடவை எழுதிக் கேட்டார். அதற்கும் அரிசி விலையைத்தான் எழுதினேன்.

இப்போது சபியா அரிசி களைகிறாள். உனக்குக் கடிதம் எழுதி இரண்டு மாதம் ஆகிறது என்று சொன்னாள். இனி எழுதினாலும் எப்படி எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். மாமி நலம், மழை இல்லை, அனுப்பிய சாமான் வந்து சேர்ந்தது என்று எழுதுவாள். நீயும் நிம்மதியாக இருப்பாய். அறையில் யார் எடுத்துப் படித்தாலும் சிரிக்க ஒன்றும் இருக்காது. எனக்கு அதுதான் பயம். ஒரு பெண் பயந்து வாயை மூடிக்கொண்டால் எத்தனை வருடம் மூடியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களிடம், ஆமாம், என் பெண்டாட்டி எனக்கு எழுதியது என்று சொல்லிவிட்டு நீயும் சிரித்திருக்கலாம். அவ்வளவு பெரிய அவமானம் இல்லை அது. என் வாப்பா நின்ற இடத்தில் நீ நிற்கவில்லை. ‘யார் படிப்பதற்காக’ என்று கேட்டாயே, நீ படிப்பதற்காகத்தான். வேறு யாருக்காக? இதை அவளிடம் எழுதி, கேட்டது தப்பு என்று சொல். சுற்றி வளைக்காதே. பாட்டில் மதகும் வாய்க்காலும் இருக்கட்டும், மன்னிப்பு மட்டும் நேராக இருக்க வேண்டும்.

இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். மாரிமுத்துவுக்கு இடது காது திரும்பவே இல்லை. அதற்குப் பிறகும் எங்கள் வாய்க்காலுக்கு அவர்தான் தண்ணீர் பாய்ச்சினார். அவர் குடிசை இருந்த மனையை அரசாங்கம் அவர் பேருக்கே எழுதிக்கொடுத்தது, அதற்கு அஞ்சலை எங்களுக்கெல்லாம் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தாள். அவர் என்னிடம் அந்த நோட்டைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நீ பிறந்த வருடம், நீ கைக்குழந்தை, ஒரு பகலில் கொல்லை வாசலுக்கு இளநீர் கொண்டுவந்து போட்டார். வீட்டில் யாரும் இல்லை. நான் ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் கதவுக்குப் பக்கவாட்டில் நின்று குலையிலிருந்து காயை அறுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். “அந்த மூணு நாளு நான் பேசாம இருந்துட்டேன். என்ன மன்னிச்சிருங்க,” என்றேன்.

அவர் அரிவாளை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. “தண்ணி நாளைக்கி வந்துருமுங்க, சின்னம்மா,” என்றார். மிச்சக் காயை அறுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குக் கேட்டதா, கேட்கவில்லையா, கேட்டுத்தான் அப்படிச் சொன்னாரா என்று நான் இத்தனை வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம். தெருவில் யாராவது போவார்களோ என்று சொல்லவில்லை. போன மாசம் அவர் இறந்துவிட்டார். நான் ராத்தாவோடு போய் அஞ்சலையைப் பார்த்து வந்தேன், அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்று இன்னும் இருக்கிறது. இளநீர் அறுத்த அன்றைக்குக் கதவுப் பக்கம் இருந்தது அவருடைய இடது காது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான், அந்தக் காது என் பக்கம் திரும்புகிற வரைக்கும் காத்திருந்து சொன்னேன்.

நீ அவளுக்கு எழுது. இந்த வாரமே எழுது. அவளுக்குக் கேட்கும்படியாக எழுது.

உன் உம்மா